பெயரற்ற பொருளும் நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பும்: ராசிபுரம் வட்டார ஜவ்வரிசித் தொழிலின் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழிலுக்கு நெருக்கடி நேரும்போது யாரிடம், எதை, யார் வாயிலாக, எப்போது சொல்வது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நெருக்கடிக் காலத் தகவல் தொடர்புத் திட்டமிடல் எனப்படுகிறது. இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் வணிகப் பெயர் பெற்ற பெருநிறுவனங்களையே சான்றாகக் கொள்கின்றன. சிற்றாலைகள் பலவற்றால் ஆன, நுகர்வோர் அறிந்த பெயர் எதுவுமில்லாத ஒரு தொழில் நெருக்கடியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. ராசிபுரம் உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசித் தொழில் சந்தித்த மூன்று நெருக்கடிகள் இங்கு ஆராயப்படுகின்றன. 2003ஆம் ஆண்டின் கேட்பரி நிகழ்வும், 2006ஆம் ஆண்டின் நாமக்கல் முட்டைத் தொழில் நெருக்கடியும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நெருக்கடியில் பேசும் சொல்லின் வலிமை அச்சொல்லில் இல்லை. அதற்கு முன்பே கட்டப்பட்ட அமைப்பிலும், ஒப்புக்கொள்ளப்பட்ட குறையிலும் உள்ளது என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஜவ்வரிசி, மரவள்ளி, ராசிபுரம், சேகோசர்வ், வதந்தி, கலப்படம், நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பு.

1. முன்னுரை

1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகர வட்டாரத்தில் டைலினால் என்னும் வலி நிவாரணி மாத்திரைக் குப்பிகளில் எவரோ நஞ்சு கலந்தமையால் ஏழு பேர் உயிரிழந்தனர். அம்மருந்தைத் தயாரித்த ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பின்னர், பிரித்தால் தெரியும்படியான புதிய உறையுடன் அதனை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலாண்மைப் பாடநூல்கள் நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பிற்கு முதற்சான்றாக இந்நிகழ்வையே சுட்டுகின்றன. அங்கே ஒரு நிறுவனம், ஒரு பெயர், ஒரு தலைமை, பேசுவதற்கு ஒரு வாய் இருந்தன.

இந்தியாவின் வேளாண்சார் தொழில்கள் பலவற்றிற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடையில் அமைந்துள்ள ராசிபுரம் இதனை விளக்கத் தக்க இடமாகும். 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூரின் நெய், ‘ராசிபுரம் நெய்’ என ஊர்ப் பெயரைத் தாங்கியே விற்பனையானது. அதே ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகும் ஜவ்வரிசியோ ஊர்ப் பெயரும் ஆலைப் பெயரும் இன்றி வடமாநிலச் சமையலறைகளைச் சென்றடைகிறது. பெயருள்ள பொருளுக்குப் பழி வந்தால் அதற்கு மறுமொழி கூற ஒருவர் இருப்பார். பெயரற்ற பொருளுக்குப் பழி வந்தால் மறுமொழி கூறுபவர் யார் என்பதே இங்கு எழும் சிக்கல்.

2. தொழிலின் தோற்றமும் பெயரும்

ஜவ்வரிசி, சவ்வரிசி என வழங்கும் சொல், மலாய் மொழியின் ‘சாகு’ என்பதனோடு ‘அரிசி’ சேர்ந்து அமைந்தது. சாகு என்பது தென்கிழக்காசிய ஈரநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவு. தமிழகத்து ஜவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுவது. இவ்வட்டாரத்தில் ஆலைகள் இன்றும் ‘சேகோ பேக்டரி’ என்றே குறிக்கப்படுகின்றன. எனவே பொருள் ஒன்றாகவும் பெயர் வேறொன்றிலிருந்து கடன் பெற்றதாகவும் இத்தொழில் தொடங்கியது.

இக்கடனுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1942ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மலேயா, சிங்கப்பூர், சாவா ஆகியவை சப்பானியப் படையினரிடம் வீழ்ந்தன. அங்கிருந்து இந்தியாவிற்கு வந்துகொண்டிருந்த சாகுவும் மாவுப் பொருள்களும் நின்றுபோயின. இவ்வெற்றிடத்தில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இத்தொழிலை அறிந்திருந்த பொபட்லால் ஷாவும் 1943ஆம் ஆண்டளவில் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினர் என்பது தொழில்துறையினர் போற்றிவரும் தோற்ற வரலாறு. சேலத்திலிருந்து ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் எனத் தொழில் பரவியது. சமவெளி நிலங்களோடு கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலைப் பகுதிகளின் கிழங்கும் ஆலைகளுக்கு வந்தது.

விற்பனைமுறையும் பெயரின்மையை உறுதிப்படுத்தியது. ஆலையிலிருந்து 90 கிலோ மூட்டைகளாக வெளியேறும் ஜவ்வரிசியைச் சேலத்து வணிகர் வாங்கி மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், வங்காளம் முதலிய மாநிலங்களுக்கு அனுப்புவர். அங்குள்ள வணிகர் அதனைச் சிறு பொட்டலங்களாக்கித் தம் பெயரை இடுவர். அதனை உண்பவருக்கு அது ‘சாபுதானா’. விரத நாள்களில் உண்ணத்தக்க தூய உணவு. அதனைச் செய்தவர் எவர் என்பது அவருக்குத் தெரியாது.

3. முதல் நெருக்கடி: 1944ஆம் ஆண்டின் தடை

தொழில் தோன்றிய மறு ஆண்டே அதற்குத் தடை வந்தது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்குப் பின் உணவுப் பொருள்களின் நடமாட்டம் அரசின் கடுமையான கட்டுப்பாட்டிற்குள் வந்தது. மரவள்ளி நேரடியாக வேகவைத்து உண்ணத்தக்க கிழங்கு ஆதலால், அதனை ஜவ்வரிசியாக்கி மாவட்டத்திற்கு வெளியே விற்பது உணவை வெளியேற்றுவதாகும் என்று மாவட்ட நிருவாகம் கருதியது. சேலம் மாவட்டத்திற்கு வெளியே ஜவ்வரிசி விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டது.

அதுவரை தனித்தனியே இயங்கிய உற்பத்தியாளர்கள் இத்தடையின் விளைவாகவே சங்கமாக ஒன்றுகூடினர். உணவு வழங்கல் துறை உயர் அலுவலரிடம் முறையிட்டுத் தடையை நீக்கச் செய்தனர். இந்நெருக்கடியில் கேட்கும் செவி ஒன்றே, அது அரசு. பேச வேண்டிய வாதமும் ஒன்றே. ஜவ்வரிசியும் உணவே என்பது. செவியும் வாதமும் தெளிவாக இருந்தமையால், வாய் ஒன்று தோன்றியதும் நெருக்கடி தீர்ந்தது. இவ்வெற்றி தொழிலினரிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது எனலாம். இடர் வந்தால் அரசிடம் மனுக் கொடுப்பது என்பதே அப்பழக்கம். போருக்குப் பின் இறக்குமதிப் போட்டி எழுந்தபோதும், மரவள்ளி ஜவ்வரிசியைச் ‘சேகோ’ எனக் குறிக்கலாமா என்னும் வினா எழுந்தபோதும் இதுவே வழியாயிற்று. உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் அமைந்த தர வரையறை, பனை மாவிலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ செய்யப்படும் உருண்டைகளைச் சேகோ என ஏற்றுக்கொண்டது. நிறப்பொருள் உட்பட எவ்வகை வேற்றுப்பொருளும் அதில் இருத்தலாகாது என்றும் அது விதித்தது. பெயரைக் காத்த இவ்வரையறையே பின்னாளில் தொழிலினரைக் குற்றம் சாட்டும் அளவுகோலாகவும் ஆனது.

1981ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டு 1982ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், அதாவது சேகோசர்வ், இவ்வமைப்பாக்கத்தின் அடுத்த படிநிலை. கிடங்கு வசதியும் கடனும் இன்றி வணிகரின் விலைக்குக் கட்டுப்பட்டிருந்த சிற்றாலைகளுக்கு அது கிடங்கும், மூட்டைகளின் ஈட்டின்பேரில் முன்பணமும், ஒப்பந்தப்புள்ளி முறையிலான விற்பனையும் அளித்தது. அது விலைக்காக எழுந்த அமைப்பு. நுகர்வோரிடம் பேசுவதற்காக எழுந்ததன்று.

4. இரண்டாம் நெருக்கடி: புழுவும் வதந்தியும்

இணையம் பரவிய காலத்தில் இத்தொழில் பற்றி ஒரு செய்தி முதலில் மின்னஞ்சல் வழியாகவும் பின்னர் வாட்ஸ்அப் வழியாகவும் வடமாநிலங்களில் சுற்றி வந்தது. சேலத்திலிருந்து கோவை செல்லும் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதாகவும், தொலைவிலேயே துர்நாற்றம் வீசுவதாகவும், கிழங்குக் கூழ் பெருங்குழிகளில் மாதக்கணக்கில் ஊறவிடப்படுவதாகவும், அதில் நெளியும் புழுக்களோடு சேர்த்தே அது மிதிக்கப்பட்டு ஜவ்வரிசியாவதாகவும் அச்செய்தி கூறியது. எனவே சாபுதானா சைவ உணவன்று என்பது அதன் முடிவு.

ஆலையின் செய்முறையை அறிந்தோர் இக்கூற்றின் பொய்மையை எளிதில் உணர்வர். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் கருத்துக் கெடும். எனவே அது உடனுக்குடன் தோலுரித்து, கழுவி, அரைத்து, வடிகட்டப்படுகிறது. மாவுப்பால் தொட்டிகளில் படிவதற்குச் சில மணி நேரமே தேவை. படிந்த ஈரமாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் வெயிலில் உலர்த்துவர். மாவை மாதக்கணக்கில் ஊறவிட்டால் அது புளித்து நிறம் கெடும், விலை போகாது. ஆலையின் இலாபக் கணக்கே வதந்திக்கு மறுப்பாகும்.

ஆயினும் அது நிலைபெற்றமைக்கு இரண்டு காரணங்களைக் காணலாம். முதலாவது, அதில் ஓர் உண்மை இருந்தது. கழிவுநீர் தேங்கிப் புளிக்கும்போது எழும் நாற்றம் ஆலைகளின் அண்டை ஊர்கள் நன்கு அறிந்த ஒன்று. மாவு நீங்கியபின் எஞ்சும் ‘திப்பி’ எனப்படும் சக்கையும் முறையாக உலர்த்தப்படாவிடின் நாறும். பின்னாளில் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போன்ற எரிவளி எடுக்கும் கலன்களை ஆலைகள் அமைக்கத் தொடங்கியமை இச்சிக்கல் மெய்யானது என்பதற்குச் சான்று. ஒப்புக்கொள்ளப்படாத ஒரு சிறு மெய்யைப் பற்றிக்கொண்டு பெரும்பொய் படர்ந்தது.

இரண்டாவது காரணம், வதந்தி தாக்கிய இடம். அது உடல்நலம் பற்றிய அச்சமன்று. விரதத்தின் தூய்மையும் உயிர்க்கொலை தவிர்த்தலும் பற்றிய அச்சம். நோய் வரும் என்று அஞ்சுவோரை ஆய்வகச் சான்று அமைதிப்படுத்தும். விரதம் கெடும் என்று அஞ்சுவோருக்குக் காட்ட வேண்டியது செய்முறை; அதுவும் அவர்தம் மொழியில். தமிழில் விடுக்கும் மறுப்பு, இந்தியிலும் மராத்தியிலும் குசராத்தியிலும் வாழும் வதந்தியைத் தொடவியலாது. சேலத்து வணிகர் சிலர் செய்முறையை விளக்கி மறுப்புகளை வெளியிட்டனர். ஆனால் மறுப்பு ஓரிடத்தில் நின்றது. வதந்தி கைமாறிக்கொண்டே இருந்தது. இவ்வதந்தி, களத்தில் வெயிலில் உழைக்கும் பெண்களையும் தொட்டியில் நிற்கும் ஆண்களையும் அருவருப்பிற்குரியவர்களாகச் சித்திரித்தது என்பதும் கருதத்தக்கது. அவர்களது குரல் எந்த மறுப்பிலும் இடம்பெறவில்லை.

5. ஒப்பீடு: கேட்பரி, 2003

இதே மகாராட்டிரச் சந்தையில், இதே புழு என்னும் பழியை, பெயருள்ள ஒரு நிறுவனம் எதிர்கொண்டது. 2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மும்பையில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார்கள் எழுந்தன. மாநில உணவு மற்றும் மருந்து நிருவாகம் நடவடிக்கையில் இறங்கியது. கடைகளில் முறையாக வைக்கப்படாமையே காரணம் என நிறுவனம் முதலில் கூறியது. உறை போதிய காப்பளிக்கவில்லை என்னும் எதிர்வாதம் எழுந்தது. தீபாவளிக் கால விற்பனை சரிந்தது. பின்னர் நிறுவனம் ‘விசுவாஸ்’ என்னும் பெயரில் கடைகளில் சேமிப்பு முறையைச் சீர்செய்யும் திட்டத்தை மேற்கொண்டது. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய உறையை அறிமுகப்படுத்தியது. நடிகர் அமிதாப் பச்சனை விளம்பரத்தில் பேசச் செய்தது.

இங்கு நோக்கத்தக்கது வரிசைமுறை. கடைக்காரர்மீது பொறுப்பைச் சாற்றிய சொல் பயன்தரவில்லை. உறையை மாற்றிய செயலுக்குப் பின் வந்த சொல் பயன் தந்தது. ஜவ்வரிசித் தொழிலிடம் விளம்பரத்திற்கான பொருள்வளம் இல்லாதது மட்டும் குறையன்று. மாற்றிக் காட்டுவதற்குத் தனக்கென ஓர் உறையே இல்லை. பொட்டலத்தின் மீதிருந்த பெயர் வேறொருவருடையது.

6. மூன்றாம் நெருக்கடி: கலப்படம்

முதலிரண்டு நெருக்கடிகளும் வெளியிலிருந்து வந்தவை; மூன்றாவது உள்ளிருந்து எழுந்தது. வெண்மையே தரம் என வடமாநிலச் சந்தை கருதியது. கிழங்கின் தோலை முற்றிலும் நீக்கித் தூய நீரில் மாவெடுத்தால் இயல்பான வெண்மை கிடைக்கும்; அதற்கு ஆளும் நேரமும் செலவாகும். அச்செலவைத் தவிர்க்க வெளுப்பு வேதிப்பொருள்களைச் சேர்ப்பதும், மலிவான மக்காச்சோள மாவை மரவள்ளி மாவுடன் கலப்பதும் ஆலைகள் சிலவற்றில் நிகழ்ந்தன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011ஆம் ஆண்டு ஆகத்து மாதம் நடைமுறைக்கு வந்தபின், சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகள் தொடர்ந்தன.

இந்நெருக்கடியில் முதலில் குரல் எழுப்பியவர் நுகர்வோர் அல்லர்; மரவள்ளி உழவர்கள். கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச்சத்தை அளக்கும் ‘பாயிண்ட்’ கணக்கில் ஆலையில் முடிவாகிறது. மக்காச்சோள மாவு ஆலைக்குள் நுழையுந்தோறும் கிழங்கின் தேவை குறைந்து விலை வீழ்கிறது என்பது அவர்தம் முறையீடு. பத்து மாதம் காத்து விளைவித்த கிழங்கைப் பிடுங்கியபின் வைத்திருக்கவும் இயலாது. பிடுங்காது விட்டால் அடுத்த பயிர் தள்ளிப்போகும். ஆகவே நெருக்கடியின் முழுச்சுமையும் பேசும் வாய்ப்புக் குறைந்தவர் தலையில் இறங்குகிறது.

திமோதி கூம்ப்ஸ் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட சூழல்சார் நெருக்கடித் தகவல் தொடர்புக் கோட்பாடு, நெருக்கடிகளை மூவகைப்படுத்துகிறது. நிறுவனமே பாதிக்கப்பட்டதாக அமைவது, எதிர்பாராது நேர்வது, தவிர்த்திருக்கக்கூடியது என்பன அவை. வதந்தி முதல் வகை. அதற்கு மறுப்பு பொருந்தும். கலப்படம் மூன்றாம் வகை. அதற்கு மறுப்புப் பொருந்தாது, பொறுப்பேற்பும் சீர்செய்தலுமே பொருந்தும். ஜவ்வரிசித் தொழிலில் இவ்விரண்டும் ஒரே காலத்தில், ஒரே பொருளின் மீது கவிந்தன. புழு இல்லை என மறுக்கும் வாயால் வெளுப்புப் பொருள் பற்றிய வினாவிற்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவதில் தயங்கும் வாயை முதலாவதில் எவரும் நம்புவதில்லை. தனி நிறுவனங்களை நோக்கிய இக்கோட்பாடு கவனிக்காத ஒன்றும் இங்கு உண்டு. சில ஆலைகளின் தவறு, பெயரின்மை காரணமாக அனைத்து ஆலைகளின் தவறாகிறது. பெயரின்மை தவறு செய்வோருக்கு மறைவிடமாகவும், நேர்மையாளருக்குத் தண்டனையாகவும் அமைகிறது.

7. அண்டைத் தொழிலின் பாடம்: நாமக்கல் முட்டை, 2006

ராசிபுரம் அமைந்துள்ள அதே மாவட்டத்தில் மற்றொரு பெயரற்ற பொருள் வேறு வகையில் நெருக்கடியைக் கடந்தது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. தமிழகத்தில் நோய் இல்லாத நிலையிலும் கோழி, முட்டை நுகர்வு நாடெங்கும் சரிந்தது. வளைகுடா நாடுகள் இறக்குமதியை நிறுத்தின. பண்ணையில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தா, முட்டை தேங்கியது.

ஆயினும் இத்தொழிலுக்கு ஒரு வாய் ஏற்கெனவே இருந்தது. 1982ஆம் ஆண்டு பி.வி.ராவ் முன்னின்று அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, மண்டலந்தோறும் முட்டை விலையை அறிவித்து வந்தது; முட்டை உண்பதை ஊக்குவிக்கும் பொது விளம்பரங்களை எப்பண்ணையின் பெயரும் இன்றி நடத்தியும் வந்தது. நாமக்கல் மண்டல விலை நாளிதழ்களில் இடம்பெறும் வழக்கமான செய்தி. எனவே நெருக்கடியில் இதழாளர் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நன்கு வேகவைத்தால், அதாவது 70 பாகை செல்சியசு வெப்பம் உட்பகுதிவரை எட்டினால் நச்சுயிரி அழியும் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் செய்தி பரப்பப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் தொழிலினர் கோழி, முட்டை விருந்துகள் நடத்தித் தாமே உண்டு காட்டினர். கால்நடைத் துறையின் அறிவிப்புகளும் துணைநின்றன. அதே ஆண்டு சூலையில் தமிழக அரசு சத்துணவில் வாரம் இரு முட்டைகள் வழங்கத் தொடங்கியமை, முட்டையின் மீதான பொது நம்பிக்கை முறியவில்லை என்பதற்குச் சான்று.

இரு தொழில்களும் 1982ஆம் ஆண்டளவில் கூட்டமைப்புப் பெற்றவை; இரண்டும் பெயரற்ற பொருளை விற்பவை. வேறுபாடு ஒன்றே. ஒன்று, அமைதிக் காலத்திலேயே நுகர்வோரிடம் பேசிப் பழகியிருந்தது. மற்றொன்று வணிகரிடமும் அரசிடமும் மட்டுமே பேசியிருந்தது.

8. வரலாறு உணர்த்தும் திட்டக் கூறுகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சிற்றாலைத் தொழில்களுக்கான தகவல் தொடர்புத் திட்டத்தின் கூறுகளைப் பெறலாம்.

முதலாவது, பேசும் வாயை முன்கூட்டியே நிறுவுதல். 1944இல் சங்கம் நெருக்கடிக்குப் பின் பிறந்தது. எதிரில் ஒரே செவி இருந்தமையால் அது போதுமானதாயிற்று. கோடிக்கணக்கான செவிகள் உள்ள காலத்தில் அது போதாது. இரண்டாவது, சான்றைச் சொல்லுக்கு முன் வைத்தல். விற்பனைக்கு வரும் மூட்டைகளின் ஆய்வக முடிவு ஆலைவாரியாகப் பொதுவில் வைக்கப்படின், தவறு செய்த ஆலையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்ட இயலும். மூன்றாவது, குறையை ஒப்புதல். கழிவுநீர் நாற்றம் உண்டு, அதனை நீக்க இன்னது செய்யப்படுகிறது என்று தொழிலே முன்வந்து கூறின், புழு பற்றிய பொய்க்குப் பற்றுக்கோடு இல்லாது போகும். நான்காவது, உண்பவரின் மொழியும் நாளும் அறிதல். சிராவண மாதம், நவராத்திரி, ஏகாதசி, சிவராத்திரி ஆகியவற்றிற்கு முன்பே இந்தி, மராத்தி, குசராத்தி மொழிகளில் செய்முறை விளக்கம் சென்று சேர வேண்டும். ஐந்தாவது, உழவரையும் தொழிலாளரையும் முதற்செவியாகக் கொள்ளுதல். ஆலை நின்றால் முதலில் இழப்பவர் அவர்களே; செய்முறைக்கு நேர்ச்சாட்சிகளும் அவர்களே.

9. முடிவுரை

2023ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான விண்ணப்பத்தைச் சேகோசர்வ் முன்வைத்தது. கடன் பெற்ற பெயருடன் தொடங்கிய ஒரு பொருள் எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஊர்ப் பெயரைத் தாங்கியது. இதனை விலையைக் கூட்டும் முத்திரையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெயர் என்பது பொறுப்பேற்பவரின் முகவரி. ‘சேலம்’ என்னும் சொல் மூட்டையின் மீது இருக்கும்வரை, ராசிபுரத்து ஆலையொன்றில் கலக்கும் வெளுப்புப் பொருளும் அம்முகவரிக்கே வந்து சேரும். அங்குத் தோலுரித்த கிழங்கின் இயல்பான வெண்மையும் அம்முகவரிக்கே பெருமை சேர்க்கும். நெருக்கடியில் என்ன சொல்வது என்னும் வினாவிற்கு விடை, நெருக்கடி இல்லாத நாளில் ஆலைத் தொட்டியிலும் உலர்களத்திலும் என்ன நிகழ்கிறது என்பதில் அடங்கியுள்ளது. அதனைக் காட்டத் தயங்காத தொழிலுக்கே மறுப்புரை பயன் தரும் என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறு உணர்த்துகிறது.